பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை

பதினோரு வருடம் பெரிய ஜெட் விமானத்தில் கேப்டனாக இருந்தவருக்குப் போய், குட்டி விமானம் ஓட்டத் தெரியுமா என்று பரீட்சை வைத்தால் கோபம் வராதா? கேப்டனம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. வேலை தரச் சம்மதித்த வெளிநாட்டு நிறுவனம், "எங்க நாட்டு லைசென்ஸா மாத்திட்டு வாங்க. மாசக் கடைசிவரைக்கும் இடம் வெச்சிருப்போம்" என்று சொல்லியிருந்தது. தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுத்துத் தேர்வுகளை ஒரு கை பார்த்தார். மருத்துவச் சோதனையும் முடிந்தது. பாக்கி, இரட்டை எஞ்சின் விமானத்தைத் தனியாளாக ஓட்டிக் காட்டுவதுதான்.

"அதெல்லாம் ஊதித் தள்ளிடுவேன்" என்றார் கணவரிடம். இவரை நம்பி, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்த மனிதர் அவர்.

முதல் பயிற்சியிலேயே குட்டு வெளிப்பட்டது. விமானம் தரையை விட்டு எழும்பியதும் கேப்டனம்மா கம்பீரமாக, "கியர் அப்!" என்றார். சக்கரங்களை உள்ளே இழுக்கச் சொல்லும் உத்தரவு அது. பெரிய விமானத்தில் கேப்டன் சொன்னால் போதும், பக்கத்தில் இருக்கும் கோ-பைலட் அதற்கான பிடியைத் தூக்கிவிடுவார். இங்கே பக்கத்தில் இருந்த பயிற்சியாளரோ கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"யார்கிட்ட சொல்றீங்க மேடம்?"

கதையைக் கேட்டுக் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டுலயும் இதேதானே? 'ஃபேன்'னு ஒரு வார்த்தை சொல்லுவே. எழுந்து போய்ப் போடுறது யாரு?"

கேப்டனம்மாவும் சிரித்தார். ஆனாலும் உள்ளுக்குள் உறுத்தியது. அடுத்த வாரம் முழுவதும் வாய் சொல்லும்போதே கையும் போகும்படி பழகினார்.

தேர்வு நாளன்று, மாதம் முடிய நான்கே நாள் இருந்தது. தேர்வாளர் அதிகம் பேசாதவர். நடுவானில் ஓர் எஞ்சின் நின்றுபோனதாக வைத்துக்கொள்ளச் சொன்னார். கேப்டனம்மா அதைச் சமாளித்த அழகில் தனக்கே பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடு இறங்க வந்தவர், "கியர் டவுன்" என்றார். கண் ரன்வேயில் இருந்தது, கை அசையவில்லை.

முந்நூறு அடி உயரத்தில் கடைசியாக ஒருமுறை பார்த்தார். சக்கரம் இறங்கியிருந்தால் மூன்று பச்சை விளக்கு எரிய வேண்டும். ஒன்றுகூட எரியவில்லை. சட்டென்று பிடியை இறக்கிவிட்டால் தப்பித்துவிடலாம். தேர்வாளரோ தாளில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

கேப்டனம்மா இரண்டு எஞ்சினுக்கும் முழு வேகம் கொடுத்து மேலே ஏறினார். "சக்கரத்தை இறக்கலை. என் தப்புதான். ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்." இரண்டாவது முறை பூப்போல இறங்கினார். வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டார்.

விமானம் நின்றதும் தேர்வாளர் கேட்டார்: "சக்கரம் இறங்க அஞ்சாறு நொடி போதும். நேரம் இருந்துச்சே, அப்புறம் ஏன் மேல போனீங்க?"

"பின்னாடி இருநூறு பேர் உட்கார்ந்திருந்தா மேலதான் போயிருப்பேன். இன்னிக்கு நீங்க ஒருத்தர்தான். அதுக்காக மாத்திக்க முடியுமா சார்?"

அவர் தேர்வுத் தாளை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"அடுத்த மாசம் என் பொண்ணு நீங்க சேரப்போற கம்பெனி விமானத்துலதான் வர்றா. நீங்க ஓட்டுனா நான் நிம்மதியா இருப்பேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.