கரண்டு வந்ததும் எழுந்திருக்கும் டப்பா

செட்டாப் பாக்ஸ் விற்பது, வாங்க வருகிறவர் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை தெரிந்துவைத்திருக்க வேண்டிய தொழில். ரிமோட்டை உள்ளங்கையில் தட்டித் தட்டி ஓய்ந்துபோன என் இனத்தாரே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ராஜபாளையத்தில் எங்கள் கடை. மாசக் கட்டணம் கட்டாமல், வானத்திலிருந்து இலவசமாக வருகிற சேனல்களைப் பிடிக்கும் டப்பாவும் டிஷ்ஷும் விற்கிறோம். கல்லாவில் நான். மாடி ஏறி டிஷ் பூட்டுவது என் வீட்டுக்காரர். உள்ளே நுழைகிற எல்லாரும் என்னைப் பார்த்ததும் "அண்ணாச்சி இல்லையா?" என்பார்கள். அண்ணாச்சிக்கு ஏணியைப் பற்றித்தான் தெரியும், டப்பாவைப் பற்றி என்னிடம் கேளுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

முந்திக்கொண்ட உறை

ஒரு அம்மா பையிலிருந்து பூவேலை செய்த துணி உறை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ஒவ்வொரு டப்பாவாக அதற்குள் நுழைத்துப் பார்த்தார். பென்டிரைவ் போடும் வசதி வேண்டுமா, படம் இன்னும் துல்லியமாக வேண்டுமா என்று நான் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனேன். காதிலேயே வாங்கவில்லை. உறையைப் போட்டு மூடினால் டப்பா சூடாகும், ரிமோட்டும் வேலை செய்யாது என்று கொஞ்சம் காரமாகவே சொன்னேன். தனிக்குடித்தனம் போகிற மகளுக்காம். "பாக்கும்போது அவ கழத்திக்கிடட்டும்மா. மத்த நேரம் வாரவுக போறவுக, இது யாரு தச்சதுன்னு கேக்கணும்ல?"

பாஷை எதற்கு

கான்சாபுரத்திலிருந்து ஒரு விவசாயி மனைவியோடு வந்திருந்தார். "நூறு சேனல் வருமாமே, அதுல தமிழ் எம்புட்டு?" என்றார். இந்த இடத்தில் பொய் சொன்னால் மறுநாளே டப்பா திரும்பி வந்துவிடும். விரல் விட்டு எண்ணிவிடலாம், மிச்சமெல்லாம் இந்திதான் என்று உண்மையைச் சொன்னேன். அவருக்கு முகம் சப்பென்று ஆகிவிட்டது. பெண்டாட்டி ஆசைப்பட்டாளே என்றுதான் வந்தாராம், புரியாததை வாங்கி என்ன செய்ய என்று கிளம்பப் பார்த்தார்.

அந்தம்மா நகரவில்லை. கடை டிவியில் ஓடிக்கொண்டிருந்த இந்தி சீரியலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னார்: "பாஷை தெரியாட்டி என்ன, இதுல மாமியாக்காரி யாருன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே!"

அந்தோணி அண்ணன் கேட்டது

அந்தோணி அண்ணனுக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை இங்கே ஒரு நூல் மில்லில். ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து நின்றார். எத்தனை சேனல் என்று கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. "கரண்டு போயிட்டு வந்தா, இது தானா எந்திரிக்குமாம்மா?" என்றார். எனக்குப் புரியவில்லை, அவரே விளக்கினார். அவர் வீட்டில் இருப்பது பழைய குண்டு டிவி. கரண்டு வந்ததும் அது தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். அதோடு இப்போது இருக்கிற டப்பா மட்டும் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.

அன்று காலையிலிருந்து எனக்கு ஏகப்பட்ட எரிச்சல். "அதுக்குத்தானே அண்ணே ரிமோட்டு இருக்கு? ஒரு அமுக்கு அமுக்கினா எந்திரிச்சிட்டுப் போகுது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. மனைவி லூர்து பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறாராம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். மதியம் கொழுந்தியாள் வந்து சோறு ஊட்டிவிட்டுப் போவதோடு சரி, மற்ற நேரமெல்லாம் டிவிதான் துணை. கொழுந்தியாள் போன பிறகு கரண்டு போய் வந்துவிட்டால், இவர் திரும்பும் வரைக்கும் இருட்டுத் திரைதான். "அமுக்க அவளுக்குக் கை வராதும்மா."

நாடி பார்த்தது

அவர் போன பிறகு கடையில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக மாட்டினேன். பிளக்கைப் பிடுங்குவேன், செத்த நேரம் விடுவேன், திரும்பச் சொருகுவேன். விலை கூடியவை எல்லாம் சிவப்பு விளக்கோடு தூங்கின. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் புத்திசாலி டப்பாக்களாம், தீயில்தான் போட வேண்டும்! ஒன்றும் தேறாது என்று எனக்கே அழுகை வந்துவிட்டது. அடித்தட்டில் தூசி படிந்து ஒரு மலிவு டப்பா கிடந்தது. யாரும் சீந்தாதது. அதைச் சொருகினேன். கண்ணைச் சிமிட்டி, பச்சையானது, விட்ட இடத்துச் சேனலிலேயே பேச ஆரம்பித்தது. சந்தோஷம் தாங்காமல் திரும்பத் திரும்பப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன். ஏணியோடு உள்ளே வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏட்டி, டப்பா விக்கியா, இல்ல நாடி பிடிச்சுப் பாக்கியா?"

மாடியிலிருந்து வந்த குரல்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், அந்த மலிவு டப்பாவோடு அந்தோணி அண்ணன் வீட்டுக்குப் போனோம். வழக்கமாக நான் போவதில்லை. அது எழுந்திருப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. ஆண்கள் இருவரும் மாடியில் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். படம் வந்ததும் நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். "எந்திரிச்சிருச்சா?" என்று மேலிருந்து அந்தோணி அண்ணன் கத்தினார். "எந்திரிச்சிருச்சு!" என்று நான் கத்தினேன். நம்பவில்லை. மறுபடி அணைக்கச் சொன்னார், மறுபடி கத்தினார். மூன்றாம் தடவை அவர் குரல் உடைந்துபோய் வந்தது.

கட்டிலில் லூர்து அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாலேயே என்னைக் கிட்டே வரச் சொன்னார். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனாலும் நிதானமாகச் சொன்னார்: "டிவி இருட்டாக் கெடந்தா எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி, கண்ண மூடிப் படுத்துக்கிடுவேன். வேலை விட்டு வந்து அதைப் பாத்ததும் அவிய மொகம் வாடிப் போகும் பாருங்க, அதைத்தான் என்னால பாக்க முடியல."

படம் பார்க்கத்தான் எல்லாரும் செட்டாப் பாக்ஸ் வாங்குகிறார்கள் என்று இன்னமும் நம்பிக்கொண்டு என் வீட்டுக்காரர், பாவம், மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.