மேற்கே போனவர்களும் அக்காவின் ஐந்தாம் வகுப்பும்

இந்த நினைவு மலரின் முந்தைய பக்கங்களில் மூன்று பேர் அக்காவைப் பொறுமையின் வடிவம் என்று எழுதியிருக்கிறார்கள். மூவருக்கும் நன்றி. ஆனால் அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்த்தபோது எனக்குக் குமட்டியது. அக்கா பொறுமைசாலி இல்லை. பொய்யைப் பார்த்தால் அவருக்கு அருவருப்பு வரும், அழுகின மீனைப் பார்த்தால் நமக்கு வருவது போல. மூக்கு லேசாகச் சுருங்கும். பிறகு ஒரு "சீ" வரும். நாற்பத்தைந்து வருடம் அந்த "சீ"யை அதிகம் வாங்கியவன் என்ற தகுதியில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் அக்காவை நீ, வா, போ என்றுதான் சொல்வேன். அச்சில் வருவதால் 'அவர்' போடச் சொல்லி அத்தான் உத்தரவு.

அக்கா பிறந்தது குளச்சலுக்குப் பக்கத்தில், நம் கடற்கரை ஊரில். அப்பா கட்டுமரம் விட்டவர். அக்காவுக்குப் பதினாறும் எனக்குப் பதினொன்றும் நடக்கும்போது அப்பா போய்விட்டார். அம்மா மீன்கூடை சுமந்து எங்களைப் படிக்க வைத்தார். அக்கா வரலாறு படித்தார், பி.எட். முடித்தார், நாகர்கோவிலில் கன்னியர் நடத்திய ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். நான் படித்ததைப் பற்றி எழுதினால் இடம் வீண். ஐ.டி.ஐ. பாதியில் நின்று, ஏஜெண்டைப் பிடித்து, சார்ஜாவுக்கு விமானம் ஏறினேன்.

அங்கிருந்து நான்கு வருடம் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். ரூமில் ஏசி உண்டு. தனிக் கட்டில் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் பிரியாணி. ரூமில் எல்லோரும் அண்ணன் தம்பி மாதிரி. இவற்றில் ஒன்றுகூட முழுப் பொய் இல்லை என்பதுதான் என் சாமர்த்தியம். அந்தச் சமயத்தில் அக்காவுக்கு வரன் வந்தது. அத்தானுக்குச் சார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை. பள்ளி வேலையை விட்டுவிட்டுப் போவதா என்று அக்கா ஒரு மாதம் யோசித்தார். அம்மா என் கடிதங்களை எடுத்து முன்னால் வைத்தாராம். அக்கா வேலையை விட்டார்.

கல்யாணம் முடிந்து சார்ஜா வந்த முதல் வெள்ளிக்கிழமை, அத்தானைக் கூட்டிக்கொண்டு மீன்குழம்புப் பாத்திரத்தோடு ரோலா பகுதியில் இருந்த என் ரூமுக்கு வந்து கதவைத் தட்டினார். முன்கூட்டிச் சொல்லவில்லை. கதவைத் திறந்த நான் பேயைக் கண்டவன் மாதிரி மறுபடி சாத்தினேன். திரும்பவும் தட்டினார். வேறு வழியில்லாமல் திறந்தேன். எட்டுப் பேர், அடுக்குக் கட்டில் நான்கு. சுவரில் மூட்டைப்பூச்சியை நசுக்கிய கறைகள், விரல் போன திசையெல்லாம் கோடு கோடாக. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குப் பெயிண்ட் டப்பா. எட்டுப் பேருடைய சாக்ஸ் நாற்றம்.

அக்கா வாசலைத் தாண்டவில்லை. பாத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

"சீ. இதையால நாலு வருசமா எழுதுன?"

"ஏசி இருக்குல்லா அக்கா."

"பேசாத. குழம்ப மூடி வையி. பூச்சி விழும்."

சில மாதங்களில் அமெரிக்கப் பாடத்திட்டம் நடத்தும் ஒரு தனியார் பள்ளியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. ஐந்தாம் வகுப்புக்குச் சமூகப் பாடம். அதில் ஒரு பெரிய அத்தியாயம், அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாகக் கூண்டு வண்டி கட்டி மேற்கே குடியேறப் போனவர்களைப் பற்றியது. நம் ஊர்ப் பெண் ஒருத்தி, அரபுப் பிள்ளைகளுக்கும் பாகிஸ்தான், மலையாளப் பிள்ளைகளுக்கும் அமெரிக்காக்காரனின் மாட்டு வண்டியைப் பற்றி ஆங்கிலத்தில் பாடம் எடுத்தார். இதைச் சொல்லி நான் பல வருடம் சிரித்திருக்கிறேன். அக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எலே, இந்தப் படத்தப் பாரு. ஆறு மாசம் நடந்து போறாவ. ஒருத்தி பாவாடையிலயும் அழுக்கு இல்ல. வழியில காலரா வந்து செத்தவங்களப் பத்தி ஒரே ஒரு வரி. அந்த நெலத்துல முன்னாலயே இருந்த சனங்களுக்கு ரெண்டு வரி. தொப்பிக்கு மட்டும் ஒரு பக்கம். எனக்கு ஓங்கரிக்கி."

அக்கா தன் வழியில் நடத்தினார். வகுப்புத் தரையில் டேப் ஒட்டி, நாலடிக்குப் பத்தடி கட்டம் போட்டார். வண்டி அவ்வளவுதான். ஆறு பிள்ளைகள் பையோடு அதற்குள் ஒரு பீரியட் முழுக்க உட்கார வேண்டும். விறகு கிடைக்காத சமவெளியில் காய்ந்த சாணியைப் பொறுக்கி எரித்துத்தான் சமைத்தார்கள் என்று சொன்னபோது பிள்ளைகள் முகம் சுளித்தன. அக்காவுக்கு அதில் பரம திருப்தி. பிறகு ஊருக்குக் கார்ட்டன் கட்டும் விஷயத்துக்கு வந்தார். கயிறு போட்டு, மார்க்கரில் பெயர் எழுதி, குளியலறைத் தராசில் நிறுத்து, கூடுதலாக இருந்தால் அழுதுகொண்டே ஒவ்வொன்றாக வெளியே எடுப்போமே, அது. அவர்களும் அப்படித்தான், மாடு இழுக்க முடியாமல் திணறும்போது அடுப்பையும் அலமாரியையும் வழியில் போட்டுவிட்டுப் போனார்கள் என்றார். பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது. விமான நிலையத்தில் அப்பா பெட்டியைத் திறந்து பால்பவுடர் டின்னை வெளியே எடுப்பதைப் பார்க்காத பிள்ளை அந்த வகுப்பில் குறைவு.

பள்ளி முதல்வர் மேடத்துக்கு இதெல்லாம் போதவில்லை. பெற்றோரை அழைத்து ஒரு விழா, வைக்கோல் தொப்பி, அட்டை வண்டி, எலுமிச்சை ஜூஸ் என்று ஏற்பாடு செய்தார். உண்மையாகக் குடிபெயர்ந்து வந்த ஒருவரைப் பேச வைக்கிறேன் என்று அக்கா அனுமதி வாங்கினார். அந்த ஒருவர் நான்.

"எனக்கு மேடை ஆகாது அக்கா."

"கல்யாண வீட்டுல மைக்கப் புடிச்சா விடமாட்ட. வந்து உள்ளதச் சொல்லு. மூட்டப்பூச்சியையும் சேத்துச் சொல்லு. கேட்டியா?"

அன்று காலையில் மூன்று தடவை பாத்ரூம் போனேன். ரூம்காரரிடம் கடன் வாங்கிய டை தொப்புளுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. வகுப்பில் நுழைந்ததும் பின்வரிசையில் தங்க வளையல்களும் வாசனைத் திரவியமுமாகத் தாய்மார்கள், ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு மேடம். வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? ரூமில் ஏசி உண்டு. தனிக் கட்டில் உண்டு. வெள்ளிக்கிழமை பிரியாணி. அண்ணன் தம்பி மாதிரி. ஓட்டை ஆங்கிலத்தில் அப்படியே ஒப்பித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் சிரித்தார்.

அக்காவின் மூக்கு சுருங்கியது. மேசையிலிருந்து ஒரு பழைய ஏரோகிராம் கடிதத்தை எடுத்தார். அம்மாவிடமிருந்து வாங்கி வந்திருந்தார். என் கையெழுத்து எனக்கே தெரிந்தது. ஆங்கிலத்தில் பெயர்த்து வாசித்தார், நான் அப்போதுதான் பேசி முடித்த அதே வரிகள்.

"இவர் என் தம்பி. இதை நம்பித்தான் நான் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். மேற்கே போனவர்களும் வீட்டுக்கு இப்படித்தான் எழுதினார்கள். அதை நம்பி இன்னும் நிறையப் பேர் வண்டி கட்டினார்கள். இப்போது நீங்கள் இவரைக் கேள்வி கேளுங்கள். மரியாதையாக."

பத்து வயதுப் பிள்ளைகள். எந்தப் போலீஸும் தோற்றுவிடும்.

"அங்கிள், ரூமில் எத்தனை பேர்?"

"எட்டு."

"பாத்ரூம் எத்தனை?"

"ஒன்று."

"அப்படியானால் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?"

"மூன்றரை."

"பிரியாணி யார் சமைப்பார்கள்?"

"ஹோட்டலில் ஒன்று வாங்கி எட்டாகப் பிரிப்போம்."

முதல் பெஞ்சில் கண்ணாடி போட்ட ஒரு சிறுமி என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், கழுத்தில் அது என்ன தழும்பு?"

சொன்னேன். மூட்டைப்பூச்சி கடித்து, சொறிந்து, சீழ் வைத்தது என்று சொன்னேன். ஒன்று சொன்ன பிறகு மீதியும் வந்துவிட்டது. ஏஜெண்ட் சொன்ன வேலை ஒன்று, கிடைத்த வேலை ஒன்று. பாஸ்போர்ட் கஃபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், அலமாரியில் இருந்ததால் ஆசைப்பட்டாலும் திரும்ப முடியாது. முதல் வருடம் போர்வைக்குள் அழுதது. அப்படி அழும்போதும் கடிதத்தில் பிரியாணி என்று எழுதியது. பின்வரிசையில் ஒரு அம்மா தரையில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் மேல் இன்னும் பூச்சி இருக்கும் என்று நினைத்திருக்கலாம். மேடம் வேகமாக முன்னால் வந்து ஜூஸ் தயார் என்று அறிவித்தார்.

வாசலில் அக்கா என் டையைச் சரி செய்தார். "நல்லாப் பேசுன மக்கா," என்றார். என் வாழ்க்கையில் அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த கல்வியாண்டில் அந்த வகுப்பு அக்காவுக்கு இல்லை. ஒன்றாம் வகுப்பில் படம் வரைய வைக்கப் போட்டார்கள். விழாவைக் கெடுத்தவர் என்ற பெயர். பிள்ளைகளைப் பொய் கண்டுபிடிக்கப் பழக்குகிறவரைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளக் கஷ்டம்தான். நினைத்தால் இன்றும் எனக்குக் கசக்கிறது. அக்கா புகார் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அழுக்குப் பாவாடையோடு ஆட்களை வரைய வைத்தார்.

பல வருடம் கழித்து அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. அத்தானும் நானும் சார்ஜா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரலில் கட்டி, முற்றிவிட்டது, வாரக் கணக்கு என்று டாக்டர் சொன்னார். அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்குச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. போன் கார்டைச் சுரண்டி அம்மாவை அழைத்தேன்.

"பிள்ளைக்கு எப்படி இருக்கு மக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. கேஸ் டிரபிள். ரெண்டு நாள்ல விட்டுருவாங்க."

மறுநாளும் கேஸ் என்றேன். அதற்கு அடுத்த நாளும் கேஸ் என்றேன், மோர் குடித்தாள் என்று சேர்த்துக்கொண்டேன். அம்மாவின் குரல் உடைவதை என்னால் கேட்க முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அதை அன்பு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பயம்.

அந்த மூன்று நாளும் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். நர்ஸிடம் ஊசி போடும் முறையில் குற்றம் கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் மாலை என்னைக் கேட்டார்.

"அம்மா எப்ப வாரா?"

நான் கட்டிலின் இரும்புக் கம்பியைத் துடைத்தேன்.

"எலே, அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"கேஸ்னு."

"சீ" வரும் என்று தலையைக் குனிந்து நின்றேன். வரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்கு அம்மா வேணும்லே. நீ சொன்னாத்தான் வருவா."

வராந்தாவுக்குப் போய் அழைத்தேன். "அம்மா, அக்கா பிழைக்க மாட்டா. நீ வா," என்றேன்.

"பாஸ்போர்ட் இருக்கு. டிக்கட்டப் போடு," என்றார் அம்மா. குரல் உடையவில்லை. நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை.

விமானமே ஏறாத அம்மா தனியாக வந்து இறங்கினார். அதற்கு முந்தைய நாள் அக்காவுக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ச் செய்தி எல்லாம் சொன்னார். அக்கா அம்மாவின் விரலைப் பிடித்திருந்தார். பதில் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் விடியற்காலை, ஆண்டவர் அவரை எடுத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் கூட நின்றவர்களுக்குக் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன். பக்கத்து ஃப்ளாட் நர்ஸ் செல்வி, தன் டூட்டி முடிந்து வந்து அக்காவைக் குளிப்பாட்டினார். கூட வேலை பார்த்த ஆசிரியைகள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். அத்தானின் கம்பெனி நண்பர்கள் உடலை ஊருக்கு அனுப்பும் காகிதங்களுக்காக நான்கு அலுவலகம் அலைந்தார்கள். கண்ணாடி போட்ட அந்தச் சிறுமி, இப்போது வளர்ந்த பெண், தன் தகப்பனாரோடு பிணவறை வாசல் வரை வந்து நின்றாள். நம் பங்குத்தந்தையும் ஊர்மக்களும் அடக்கத்தைக் குறைவின்றி நடத்தினார்கள், இந்த முதலாண்டுத் திருப்பலியையும் நடத்துகிறார்கள்.

ஒரு விஷயம் பாக்கி. அம்மா ஏன் முன்கூட்டியே போகவில்லை என்று அடக்கத்தன்று எல்லோரும் கேட்டீர்கள். முதலில் டாக்டரே கேஸ் என்றுதான் நினைத்தார், பிறகு விசா தாமதம் என்று சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள், அம்மாவும் இன்றுவரை நம்புகிறார். அம்மா, டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார், விசா ஒரே நாளில் கிடைத்தது. அக்கா பேசிக்கொண்டிருந்த மூன்று நாளை உன்னிடமிருந்து எடுத்தவன் நான்.

தம்பி