காதர் பாயின் மல்லாட்டை மெஷின்

இன்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா கேட்டார்: "நீங்க தொழில் உதவி ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவருதானே சார்? நான் பட்டறை காதர் பாய் பொண்ணு."

எண்பதுகளில் காதர் பாய் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஓடு உடைக்கும் மெஷின் ஒன்றைத் தானே யோசித்துச் செய்தார். அதை மேம்படுத்த எங்கள் ஆபீஸில் அரசு நிதி கேட்டு மனு கொடுத்தார்; அது கிடைக்க ஒரு கல்லூரியும் கூட்டுச் சேர வேண்டும். படிக்காதவரோடு சேர எந்தக் கல்லூரியும் முன்வரவில்லை. கடைசியில் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

"அந்த ஃபைலை மூடினது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் சார். அங்க நீங்க ஒருத்தர்தான் 'உட்காருங்க பாய்'னு சொன்னீங்களாம். சாகிற வரைக்கும் அத்தா சொல்லிட்டிருந்தாரு."

அதன்பின் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு நாற்காலிக்கு இத்தனை வருட நன்றி. உங்களுக்கும் இப்படித் தகுதியில்லாத நன்றி வந்ததுண்டா?