சாரலில் ஒட்டாத காகிதம்

விஞ்ஞானப் பாடத்தில் மாணவர் தாம் கண்டதை மட்டுமே எழுத வேண்டும். கண்டது புத்தகத்துக்கு மாறாக இருந்தால், ஆசிரியர் காரணத்தை விசாரிக்க வேண்டும், மார்க்கைக் குறைக்கலாகாது.

இது என் உபதேசம் அல்ல. இலாகா விதி. கல்வி இலாகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். இந்தச் சுற்றறிக்கையை டைப் அடிக்கக் கொடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பியவனும் நானே. போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி உண்டு. படித்ததற்கு..?

போன வாரம் தென்காசியிலிருந்து மேலகரத்துக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் ஹைஸ்கூலின் சயின்ஸ் வாத்தியார். என்னைப் பார்த்ததும் எழுந்து வேறு ஸீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தார். ஸீட் இல்லை.

"என்ன அண்ணாச்சி, இன்னும் எம்மேல கோவமாத்தான் இருக்கியளா?"

"கோபம் எதற்கு? நீங்கள் விதியைப் படிக்கவில்லை. அவ்வளவுதானே" என்றேன்.

"அந்தப் பெட்டிஷனுக்குப் பதில் வந்துட்டா?"

வந்துவிட்டது என்றேன். எப்போது என்று சொல்லவில்லை. அதற்குள் மேலகரம் வந்துவிட்டது. உங்களுக்குச் சொல்கிறேன் — ஆனால் கதையை முதலிலிருந்து கேளுங்கள்.

எங்கள் அடுத்த வீட்டு முத்தையா ஐந்தருவியில் கடை போட்டிருக்கிறார். எண்ணெய், சீயக்காய், சுடச்சுடக் காப்பி. அவர் மகள் கோமதி. ஐந்தாம் பாரத்துக்கு, அதாவது பத்தாம் வகுப்புக்கு, வந்ததும் அவளுக்கு ஒரே யோசனை — விருப்பப் பாடமாகப் பௌதிகமும் ரசாயனமும் எடுக்க வேண்டும், பிறகு டாக்டருக்குப் படிக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவில் இடம் குறைவு. ஜூலை மாதப் பரீட்சை மார்க்கோடு வீட்டுப்பாட மார்க்கையும் கூட்டி, முன்னால் நிற்பவர்களுக்கு ரசாயனம். மற்றவர்களுக்குச் சரித்திரம். அசோகர் என்ன பாவம் செய்தாரோ!

வீட்டுப்பாடம் இதுதான்: சீப்பால் உலர்ந்த தலைமுடியை நன்றாகத் தேய்த்து, காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுபோ. என்ன நிகழ்கிறது? எழுது.

கொடுத்த மாதத்தைக் கவனியுங்கள். ஜூலை. காலையில் பிடித்த சாரல் ராத்திரி வரை விடாத ஜூலை. துவைத்துப் போட்ட வேட்டி நாலு நாளானாலும் காயாது. தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறோம். இதில் மின்சாரத்தைச் சீப்பில் பிடித்து வைக்க வேண்டுமாம். ஈரக்காற்றில் அது நிற்காது என்று அதே புத்தகத்தில் நாலு பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறது.

சரி, தலைமுடியாவது உலர்ந்திருக்கலாமா? கூடாது. எண்ணெய் தேய்த்து, படிய வாரி, இரட்டைப் பின்னல் போடாமல் வரும் பெண்ணை அதே பள்ளிக்கூடம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். காலையில் எண்ணெய்க்கு ஒரு சட்டம், சாயங்காலம் உலர்ந்த தலைக்கு ஒரு பாடம்!

கோமதி அப்பாவின் கடையில் உட்கார்ந்து சீப்பைத் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறாள். அருவித் திவலை வேறு. முத்தையாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இங்கன சட்டை முதுகோட ஒட்டுது, உப்பு சாடியோட ஒட்டுது. ஒன் காகிதத்துக்கு மட்டும் என்னட்டி வந்துட்டு?"

அவள் எழுதினாள்: 'காகிதம் ஒட்டவில்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன்.'

மார்க் — பூஜ்யம்.

வகுப்பில் மற்ற எல்லார் வீட்டிலும் காகிதம் துள்ளிக் குதித்து ஒட்டியிருந்தது. அதே சாரலில், அதே எண்ணெய்த் தலையில். பாதிப் பேர் சீப்பையே எடுக்கவில்லை என்பது வேறு விஷயம். அந்தப் பூஜ்யத்தால் கோமதி பட்டியலில் கீழே இறங்கினாள். சரித்திரப் பிரிவு.

நான் வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். அவர் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுதது நியாயந்தான். ஆனா பரீட்சைப் பேப்பர் திருத்துதவன் எங்கேயோ வெயில்ல உக்காந்திருப்பான். அவனுக்குச் சாரலும் தெரியாது, ஐந்தருவியும் தெரியாது. ஒட்டலைன்னு எழுதினா முட்டை போடுவான். அதை நான் இப்பவே போட்டுட்டேன். பிள்ளைக்கு நல்லதுதான?"

எப்படி இருக்கிறது? பொய் சொல்லப் பழக்குவதற்குப் பெயர் பரீட்சைக்குத் தயார் செய்வது!

மனு எழுதினேன். தகப்பனார் கையெழுத்து, தலைமையாசிரியர் மூலம், முன்நகல் நேரே மாவட்டக் கல்வி அதிகாரிக்கு, விதியின் எண்ணும் நாளும் மேற்கோளாக. ஓர் ஓட்டை கிடையாது. தலைமையாசிரியரும் "மேலிடத்து உத்தரவு வந்தா மறுநாளே மாத்திருதேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

ஆகஸ்டில் அதிகாரி நேரிலேயே விசாரணைக்கு வந்தார். அவ்வளவு சுறுசுறுப்பா என்று அசந்து போகாதீர்கள். சீஸன் முடிவதற்குள் குற்றாலத்தில் முகாம் போட எல்லா இலாகாவுக்கும் ஏதாவது ஒரு விசாரணை வேண்டும். எங்கள் மனு அகப்பட்டது.

அருவியில் எண்ணெய்க் குளியல் முடித்து, தலை பளபளக்க வந்தார். என்னையும் முத்தையாவையும் வகுப்புக்குள் விட்டார்கள். அதிகாரி சட்டைப் பையிலிருந்து தம் சீப்பையே எடுத்தார். தம் தலையிலேயே தேய்த்தார். காகிதத் துணுக்குகளின் மேல் பிடித்தார். வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

"பேப்பர் நமத்துப் போச்சு. வேற கொண்டாங்க."

வேறு வந்தது. மறுபடி தேய்த்தார். காகிதம் அவரை மதிக்கவில்லை.

வாத்தியார் குனிந்து பார்த்து, "ஒட்டுத மாதிரி இருக்கு சார்" என்றார்.

"ஆமாமா. லேசா அசையுது."

கோமதி எழுந்து நின்றாள். "ஜன்னல் காத்துல அசையுது சார்."

முத்தையா என் காதருகே, "ஐயா சீப்புல என் கடை எண்ணெய்லா இருக்கு. எப்படி ஒட்டும்?" என்றார்.

அதிகாரி சீப்பைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். பெண் பக்கம்தான் விதி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். "ஒரு வாரத்துல ஆர்டர் வந்துரும். நீ ரசாயனத்தைப் படிச்சிக்கிட்டு இரும்மா" என்றார்.

அவள் நம்பினாள். நானும்தான். இலாகாவில் இத்தனை காலம் இருந்தும் நம்பினேன் என்றால் என்னை என்ன சொல்வது?

ஒரு வாரம் போயிற்று. ஆவணி போயிற்று. நான் நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில். தீபாவளிக்குப் பிறகு இன்னொன்று. அதற்குப் பதிலாக, முதல் மனுவின் நகலை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அனுப்பினேன். ஆண்டு திரும்பிற்று.

கோமதி பகலில் சரித்திர வகுப்பில் உட்கார்ந்தாள். சாயங்காலம் தோழியின் ரசாயனப் பாடத்தைப் பிரதி எடுத்தாள். சேராத வகுப்பின் வீட்டுப்பாடத்தையும் செய்தாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்திலும் அப்படித்தான். ஆர்டர் வந்தால் பின்தங்கிவிடக் கூடாதே! பரீட்சை நெருங்கியபோது பானிபட் யுத்தமும் பிராணவாயு தயாரிப்பும் மாறி மாறி எங்கள் சுவரைத் தாண்டி வந்தன.

"ரெண்டையும் எதுக்குட்டி போட்டு உருட்டுதே? மண்டை வெடிச்சிராது?" என்று முத்தையா கேட்பார்.

"ஆர்டர் வரும்ப்பா."

இந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் சுள்ளென்று அடித்தது. கோமதி முந்தின நாள் சீயக்காய் தேய்த்துக் குளித்து, எண்ணெய் வைக்காத தலையோடு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். கையில் சீப்பு. என் மேஜைமேல் காகிதத்தைக் கிழித்துப் போட்டு, முடியில் நாலு இழுப்பு இழுத்துக் காட்டினாள். துணுக்குகள் எழும்பிச் சீப்பில் தொற்றிக்கொண்டு நின்றன.

"பெரியப்பா, ஒட்டுது."

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். புத்தகம் பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் நிரூபித்துவிட்டாள். இதைக் கற்றுக்கொடுக்கத்தானே பள்ளிக்கூடம் கட்டி வைத்திருக்கிறோம்? அதைக் கற்றுக்கொண்டவள் சரித்திர வகுப்பில் இருக்கிறாள். ஒட்டாததை ஒட்டியது என்று எழுதியவர்கள் நாளைக்கு நம் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். காய்ச்சல் இருந்தாலும் இல்லை என்பார்கள்... புத்தகத்தில் அப்படி இருந்தால்!

கடைசியில் உத்தரவு வந்தேவிட்டது. ஸீல், கையெழுத்து எல்லாம் கச்சிதம். மாணவி எழுதியது சரியே என்றும், 'மாணவியை உடனடியாகப் பௌதிக, ரசாயனப் பிரிவுக்கு மாற்றவும்' என்றும் கண்டிருந்தது.

கோமதி வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"'உடனடியாக'ன்னு போட்டிருக்காவ பெரியப்பா" என்றாள். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அப்போதுதான் அவள் எஸ்.எஸ்.எல்.சி. சரித்திரப் பரீட்சையை எழுதி முடித்து, விரலில் மை காயாமல் வந்திருந்தாள். அன்று தேதி மார்ச் இருபத்தேழு.