எடிஷனுக்கு இடமில்லை

எங்கள் பேண்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது யாராவது அதை உரக்கச் சொன்னால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மொத்தம் மூன்று பேர். கிட்டார் வாசித்தவன் தன்னைத் தலைவன் என்று தானே அறிவித்துக்கொண்டவன். பழைய இங்கிலீஷ் பத்திரிகை நாலைப் படித்துவிட்டு உலக சங்கீதத்தையே கரைத்துக் குடித்த மாதிரி பேசுவான். டிரம்ஸ் அடித்தவன் விம்கோ நகரில் ஒரு டயர் கடையில் ராத்திரி வேலை பார்த்தவன். மூன்றாவது நான். கீபோர்டு, பாட்டு, சண்டை மூன்றும் என் பொறுப்பு.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எண்ணூர் ரோட்டோரம் டேங்கர் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட் ஒன்றில் பகல் நேரத்தில் எங்களை வாசிக்க விட்டார்கள். மணலிக்குப் போகிற லாரி எதுவும் எங்கள் பாட்டுக்காக ஹாரனை அடக்கவில்லை. ஒவ்வொரு ரெக்கார்டிங்கிலும் ஒரு ஹாரன் வந்து விழும். தவிர்த்துப் பார்த்து முடியாமல், அதுதான் எங்கள் ஸ்டைல் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தோம்.

ஒரு தடவைக்கு ஒரே பாட்டு, இருபத்தைந்தே கேசட் என்பது தலைவனின் திட்டம். "லிமிடெட் எடிஷன் மாமு. கெடைக்காதுன்னு தெரிஞ்சாதான் ஜனம் தேடும்" என்றான். உண்மைக் காரணம் வேறு. எங்களிடம் இருந்த டபுள் டெக் டேப்ரெக்கார்டர், இருபத்தைந்துக்கு மேல் காப்பி போட்டால் சூடாகிப் பாட்டை இழுத்துவிடும்.

அட்டைக்கு எழுத்துப் போட்டவர் ஷெட்டில் இருந்த பெயின்டர். டேங்கர் முதுகில் கம்பெனி பெயர் எழுதுவதுதான் அவர் தொழில். பேண்ட் பெயருக்குக் கீழே 'லிமிடெட் எடிஷன்' என்று எழுதச் சொன்னோம். மறுநாள் போய்ப் பார்த்தால் பேண்ட் பெயர், அதற்குக் கீழே நிழல் வைத்த பெரிய எழுத்தில் 'லிமிடெட்'. அவ்வளவுதான்.

"எடிஷன் எங்க அண்ணே?"

"லிமிடெட்டுக்கு அப்பால இன்னாம்மா எழுத்து? முப்பது வருசமா எழுதிகினு கீறேன், லிமிடெட்டுதான் கடைசி. அதுக்கு மேல எழுதுனா லாரி முடிஞ்சிடும்."

அழிக்கச் சொன்னால் கோபித்துக்கொண்டு ஷெட்டையே காலி பண்ணச் சொல்வார். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிட்டோம்.

முதல் கேசட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் அம்மா இல்லை, நைனாவும் நானும்தான். நைனா மணலி எண்ணெய் ஆலையில் பதினெட்டு வருஷமாக ஃபிட்டர், பதினெட்டு வருஷமும் கான்ட்ராக்டில். நான் காலேஜ் முடித்திருந்தேன். ஒரு வருஷத்துக்குள் வேலை, இல்லையென்றால் கல்யாணம் என்று தேதி குறிக்காத குறையாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை யாரென்றுகூட எனக்குத் தெரியும். மாத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த, பாட்டுச் சத்தம் கேட்டாலே தலைவலி வருகிற ஒரு மனிதர்.

நைனா கேசட்டை வாங்கி அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது.

"லிமிடெட்டா? இன்னா கண்ணு, சொல்லவேல்ல! கேசட்டு கம்பெனியா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "ஆமா நைனா" என்று வந்தது.

"பர்மனென்டா, கான்ட்ராக்டா?"

"டிரெய்னிங்."

"சம்பளம்?"

"டிரெய்னிங்ல கெடையாது."

"எல்லா கம்பெனியும் அப்டிதான் இழுத்தடிப்பானுங்க" என்று எனக்காகப் பரிந்து பேசிவிட்டு, அந்தக் கேசட்டை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

பொய் சொன்னால் அதற்கு டிபன் கட்டிக்கொடுக்க ஆள் இருக்கக் கூடாது. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு ஜெனரல் ஷிஃப்ட்டுக்குப் புறப்பட்டேன். நைனா கட்டிக்கொடுத்த புளிசாதத்தை டிரம்ஸ்காரன் தின்று தீர்த்தான். தலைவன் என்னை 'டிரெய்னி' என்றே கூப்பிட ஆரம்பித்தான். மாசம் பிறந்தால் நைனா கேட்பார், "பர்மனென்ட் பண்ணாங்களா?" பண்ணவில்லை என்றால் எனக்கு முன்னால் அவர் உச்சுக்கொட்டுவார். மாத்தூர் மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டார். இப்படியே இரண்டு வருஷம், ஆறு பாட்டு.

அப்புறம்தான் ஆல்பம் என்ற ஆசை வந்தது. ராயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர்காரர் கேசட்டில் இருப்பதை சிடியில் ஏற்றித் தருகிறேன் என்றார். ஆறு பாட்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று கிளம்பினோம். ஐந்துக்கு ஒரிஜினல் இருந்தது. முதல் பாட்டின் ஒரிஜினல் மேல் தலைவன் மூன்றாவது பாட்டைப் பதிவு பண்ணியிருந்தான். நல்ல டேப்பாம், வீணாகக் கூடாதாம். அந்த முதல் பாட்டு நான் எழுதி, நான் மெட்டுப் போட்டு, நானே பாடியது. அவன் தலையில் கீபோர்டைப் போடாமல் விட்டதற்குக் காரணம், கீபோர்டு வாடகைக்கு எடுத்தது என்பது மட்டும்தான்.

வாங்கினவர்களைத் தேடிப் போனோம். டீக்கடைக்காரர் என் பாட்டின் மேல் தன் மகள் அழுவதைப் பதிவு செய்து வைத்திருந்தார். இன்னொருவர் கிரிக்கெட் கமென்ட்ரி. ராயபுரத்தில் ஒரு வீட்டில் முழு நீளப் பிரசங்கம், நடுவில் 'ஆமென்' சொல்கிற இடத்தில் மட்டும் என் குரல் அரை நொடி எட்டிப் பார்த்தது. டிரம்ஸ்காரன் வீட்டுக் கேசட்டிலேயே அவன் அம்மா கோயில் திருவிழா மைக் அறிவிப்பை ஏற்றியிருந்தார். கடற்கரையில் ஒரு அக்கா, டேப்பை உருவிக் காய்கிற கருவாட்டுக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தார். "காக்கா கிட்டவே வர்ல கண்ணு, நல்லா பாடிகீற" என்றார்.

இருபத்து நாலும் போய்விட்டது. மிச்சம் இருந்தது பீரோவில் இருந்த ஒன்று.

திருட முடியாது, சாவி இடுப்பில். மூன்று நாள் ஒத்திகை பார்த்து, நைனா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "நைனா, கம்பெனில அந்த கேசட்ட திருப்பிக் கேக்கறாங்க."

கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. "திருப்பிக் கேக்கறாங்களா? வேலய வுட்டு தூக்கறாங்களா கண்ணு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மணலியில் பாஸையும் ஹெல்மெட்டையும் திருப்பிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவருக்கே அது இரண்டு தடவை நடந்திருக்கிறது. எச்சில் கையோடு எழுந்தார். "நான் வந்து பேசறேன். யாரு மேனேஜரு? ரெண்டு வருசம் ஓசில வேல வாங்கிகினு…"

ஆணியில் தொங்கிய சட்டையை அந்தக் கையாலேயே மாட்டத் தொடங்கினார். இரண்டு வருஷமாக வேடிக்கையாக இருந்த பொய், அதைப் பார்த்ததும் அசிங்கமாகிவிட்டது. அழுகையோடு சொன்னேன். "கம்பெனியே கெடையாது நைனா. பாட்டுதான். நாங்க மூணு பேருதான். பெயின்டரு எடிஷன்னு எழுதாம வுட்டுட்டாரு."

கடைசி வாக்கியம் அவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. மற்றது புரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து பீரோவைத் திறந்து, கேசட்டை என் முன்னால் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டிபனும் கட்டவில்லை.

கேசட்டைப் புரட்டிப் பார்த்தேன். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் லாக்கும் உடைக்கப்பட்டிருந்தன. அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதையும் பதிவு பண்ண முடியாது. பாட்டை எழுதின எனக்கு அது தோன்றவில்லை, தலைவனுக்குத் தோன்றவே தோன்றாது.

மூன்றாம் நாள் அவராகவே பேசினார். "பக்கத்து வூட்டு டேப்புல போட்டுக் கேட்டேன், மொத வாரமே. உன் கொரல் கீதே, மெசினு டெஸ்டிங்குக்கு உன்னியே பாட வெச்சிகிறாங்கன்னு நெனச்சேன். நல்லா கீதுன்னுதான் லாக்க ஒடச்சேன்." அதோடு சேர்த்து, "பொய் சொன்னது தப்பு" என்றார். தப்புதான் என்றேன்.

சிடி வந்தது. நூறு காப்பி. அட்டைக்கு அதே பெயின்டர், அதே நிழல் எழுத்து, அதே லிமிடெட். எடிஷனுக்கு இந்த முறையும் இடமில்லை. முதல் காப்பியை நைனாவிடம் கொடுத்தேன். லைட்டுக்கு நேராகப் பிடித்து, முன்னும் பின்னும் புரட்டி, விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இதுல லாக் எங்க கீது?"

"இதுக்கு லாக் கெடையாது நைனா. ஒரு தபா ஏத்திட்டா அவ்ளோதான். மேல எதுவும் ஏறாது, இத அழிக்கவும் முடியாது."

"எவனாலயும்?"

"எவனாலயும்."

"அப்ப பர்மனென்ட் ஆயிட்டன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.