உள்ளங்கையில் சீனி

எங்கள் தேயிலைப் பொட்டலத்தை அறிமுகம் செய்ய நோர்வூட்டில் ஒரு மண்டபம் எடுத்து, கொழும்பிலிருந்து கடைக்காரர்களை அழைத்திருந்தேன். மலை, மேகம், பனி என்று அழகாக ஒரு கதை எழுதி மனப்பாடமும் செய்திருந்தேன். நான் பேசப் பேச, வந்தவர்கள் கைபேசியைத்தான் பார்த்தார்கள்.

தேத்தண்ணி கொடுக்கும்போதுதான் தெரிந்தது, கரண்டிப் பெட்டியை அட்டன் பஸ்ஸிலேயே விட்டுவிட்டோம் என்று. நான் திகைத்து நிற்க, என் மதினி சீனி டப்பாவோடு கிளம்பிவிட்டார்.

"கைய நீட்டுங்க சேர். எங்க லயத்துல இப்படித்தாங்க. சீனிய நக்கிக்கிட்டே சாயத்தண்ணிய குடிங்க."

எனக்கு உடம்பே கூசியது. நான் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்தவள் என்பது என் கதையில் ஒரு வரிகூட இல்லை.

முன்வரிசையில் இருந்த சிங்களக் கடைக்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு நக்கினார். "எங்க அம்மாவும் இப்பிடித்தான் குடுத்தது," என்றார் உடைந்த தமிழில். பக்கத்திலிருந்தவர் தன் வீட்டுக் கதையைத் தொடங்கினார். கைபேசிகள் பைக்குள் போயின. என் பேச்சின் மீதியை யாரும் கேட்கவில்லை.

நானும் கையை நீட்டினேன். பள்ளிவிட்டு நனைந்து வந்து, தேத்தண்ணி முடியும்வரை சீனி தீராமல் பார்த்துக்கொண்ட சாயங்காலங்கள் நாக்கில் திரும்பி வந்தன.

இப்போது எங்கள் பொட்டலத்தில் மலையும் இல்லை, மேகமும் இல்லை. விரித்த ஒரு கை மட்டும் இருக்கிறது. மதினியின் கைதானே என்று கேட்கிறார்கள்.

இல்லை, என்னுடையது.