வாய்க்கட்டு

புளியங்குளத்துக்குக் கிட்ட இருந்த அந்த அரிசி ஆலையில் ஒரு மணிக்கூடு இருந்தது. அதற்கு ஒரு முள்தான். அது நேரம் காட்டாது. பொயிலருக்குள் நீராவி எவ்வளவு நெருக்குகிறது என்று காட்டும். இலக்கங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிபடாது. அதனால் பொயிலர்க்கார அண்ணை கண்ணாடியில் சிவப்பு மையால் ஒரு கோடு கீறிவிட்டார். முள் அந்தக் கோட்டுக்கு வந்தால், மேலே இருக்கும் வால்வு தானாகத் திறந்து ஆவியை வெளியே விடும். கோட்டைத் தாண்டக்கூடாது. நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

அண்ணை முல்லைத்தீவுக் கரையோரத்தவர், வேதக்காரர், கழுத்தில் சிலுவை. அதிகம் கதைக்கமாட்டார். நான் அடுப்புக்கு உமி தள்ளுபவன். பக்கத்துக் கொட்டிலில் பெண்கள் ஆவியில் நெல் அவித்தார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. அவளுக்கு அப்போது ஆறு மாதம்.

நான் வேலைக்குச் சேர முன்பு அந்த அடுப்படியில் நின்ற ஒருவர் காய்ச்சலில் செத்துப்போனாராம். வெயில் கொதிக்கும் நாட்களில், தகரக் கூரை சுடும் நேரத்தில், முள் கோட்டைத் தொட இன்னும் ஒரு விரல் கிடக்கும்போதே வால்வு கத்தத் தொடங்கிவிடும். விசில் மாதிரி இல்லை. மூக்கடைத்த ஆம்பிளை அழுவது மாதிரி ஏறி, இறங்கி, இழுக்கும். செத்தவர் அழுகிறார் என்று பெண்கள் சொன்னார்கள். அண்ணை மட்டும் சிரித்தார். “பேயெண்டால் ராவிலை எல்லோ வரவேணும். இவனென்ன, சாப்பாட்டு நேரம் பாத்து அழுறான்?” பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, வெக்கைக்கு வால்வுக்குள் இருக்கும் சுருள்கம்பி இளகுவதால் அது முந்திக் கத்துகிறது, கத்தட்டும், கை வைக்காதே என்றார். தலையாட்டினேன்.

புரட்டாதிக் கடைசியில் தாயாருக்குச் சுகமில்லை என்று அவர் ஊருக்குப் போனார். பொயிலர் என் பொறுப்பு. அந்த நாட்களில் என் மனைவி சாப்பாட்டை விட்டுவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்கு அந்த அழுகை கேட்கிறது என்றாள். எனக்கும் பயம். வயல்களுக்கு யானையும் பன்றியும் வாய் வைக்காமல் வாய்க்கட்டுப் போடுகிற ஒரு மனிதரைக் கூட்டிவந்தேன். அவர் பொயிலரைச் சுற்றிப் பார்த்து, “இதிலை வாய் எது?” என்று கேட்டார். வால்வைக் காட்டினேன். மந்திரம் சொல்லி மஞ்சள் நூல் கட்டினார். வாயை இறுக்க ஆணி ஏதும் உண்டோ என்றார். இருந்தது. சுருள்கம்பியை அழுத்தும் திருகாணி அது; நான்தான் ஸ்பானர் போட்டு அரைச் சுற்று முறுக்கினேன்.

அடுத்த நாள் வெயிலில் முள் கோடு வரைக்கும் வந்தது. அழுகை இல்லை. கோட்டில் நின்று மெல்லச் சீறியது, அவ்வளவுதான். மனைவி இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. தகரத்தில் இருந்த ஓட்டையால் குளிர்தண்ணீர் காலையிலிருந்து நேரே வால்வின் மேலே வடிந்துகொண்டிருந்தது. முள் கோட்டுக்கு வந்தது. சத்தமில்லை. ஒரு விரல் தாண்டியது. இரண்டு விரல். நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் கரைந்து பொயிலரின் பக்கத்தால் ஒழுகியது. இரும்பு எங்கேயோ உள்ளே டிக், டிக் என்றது. கொட்டிலில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், என் மனைவியின் சிரிப்புத் தனியாகக் கேட்டது. அழு, அழு என்று அந்தச் செத்தவரை மனதுக்குள் கெஞ்சினேன். அவர் வாயே திறக்கவில்லை.

அந்த நேரம் அண்ணை பஸ்ஸால் இறங்கி நனைந்தபடி வாசலில் வந்து நின்றார். மணிக்கூட்டைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“பெண்டுகளை வெளியாலை கூட்டிக்கொண்டு போ. ஓடச் சொல்லாதை. நடக்கச் சொல்லு.”

மனைவியின் கையைப் பிடித்து முன்னால் விட்டேன். எல்லோரையும் வேலிக்கு அப்பால் விட்டுத் திரும்பி வந்தபோது, அவர் அவிக்கும் தொட்டிகளுக்குப் போகும் ஆவியை முழுதாகத் திறந்துவிட்டு அடுப்பிலிருந்து நெருப்பை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். நானும் இழுத்தேன். அதற்குள் முள் மூன்று விரல் தாண்டியிருந்தது; அப்போதுதான் வால்வு திறந்தது. அது அழுகை இல்லை. கூரைத் தகரம் எழும்பி விழுந்தது. வேலிக்கு அப்பால் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சேற்றில் குந்திவிட்டார்கள்.

முள் இறங்கியபின் அண்ணை ஏணி வைத்து ஏறினார். நூலைப் பார்த்தார். ஆணியைத் தொட்டார்.

“ஆர் முறுக்கினது?”

“நான்தான்.”

அந்த ஆணியை அரைச் சுற்றுத் திரும்பத் தளர்த்தினார். “வெக்கைக்கு இளகி முந்தும். குளிருக்கு இறுகிப் பிந்தும். நீ வெக்கைக்கு அளவெடுத்துக் குளிருக்குப் பூட்டியிருக்கிறாய்.” கீழே இறங்கி வந்தார். “சரி, செத்தவன்தான் கத்தினவனெண்டே வைப்பம். உங்களைப் போகச் சொல்லித்தானே கத்தினவன். அவன்ரை வாயையெல்லோ கட்டினனீ.”

முதலாளிக்கு அவர் சொல்லவில்லை. அடுத்த சித்திரையில் வால்வு பழையபடி முந்தி அழுதது. பெண்கள் பயந்தார்கள். நான் உமி தள்ளிக்கொண்டு நின்றேன். அது அழாத நாட்களில்தான் முள்ளை விட்டு நான் கண் எடுக்கவில்லை.

அண்ணை இப்போது இல்லை. ஆலையும் இல்லை. அன்று வயிற்றில் இருந்த மகளோடுதான் இருக்கிறேன். அவளுடைய குசினியில் குக்கர் அடுப்பில் ஏறினால், சத்தம் வரும்வரை நான் கதிரையில் இருப்பதில்லை. போய்ப் பக்கத்தில் நிற்பேன். “அப்பாக்கு அவ்வளவு பசி” என்று அவள் சிரிப்பாள். ஓம் என்பேன். அந்த ஆணியை யார் முறுக்கினது என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.